கனடா வழியாக வந்த கசிவு

என் சமையலறைச் சிங்குக்குக் கீழே தண்ணீர் கசிவதை முதலில் கண்டது நான்தான். ஆனால் அந்தத் தண்ணீர் கீழ்வீட்டுக்கும் இறங்குகிறது என்ற செய்தி எனக்குக் கனடாவிலிருந்து வந்தது. கீழ்வீட்டு மனுசி என்னிடம் சொல்லவில்லை. ஸ்கார்பரோவில் இருக்கும் தன் மகளிடம் சொன்னார். மகள் ஒரு பிறந்தநாள் பார்ட்டியில் என் மகனைக் கண்டு சொன்னாள். மகன் எனக்குப் போன் எடுத்துச் சொன்னான். ஒரு மாடிப்படி ஏறி வந்திருக்க வேண்டிய செய்தி, இரண்டு சமுத்திரம் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. கொழும்பு வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு புதினமும் இல்லை. எங்கள் ஒழுங்கையில் யாருக்குக் காய்ச்சல் என்று தெரிய வேண்டுமானால் ரொறன்ரோவில்தான் விசாரிக்க வேண்டும்.

நான் கணிதம் படிப்பித்தவள். ஓய்வு பெற்று எவ்வளவோ காலமாகியும் ஒழுங்கையில் எல்லோருக்கும் இன்னும் 'டீச்சர்'தான். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டிடம் ஒன்றின் இரண்டாம் மாடியில், கணவர் காலமான பிறகு தனியாக இருக்கிறேன். தனியாக என்றதும் யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். காலையில் எழும்பினால் எனக்கு மட்டும் தேத்தண்ணி ஊற்றினால் போதும். ரேடியோ என் இஷ்டத்துக்குப் பாடும். பின்னேரம் கடற்கரையில் நடந்துவிட்டு, காலி வீதியில் சுடச்சுட உளுந்து வடை வாங்கி, வீட்டுப் படி ஏறுவதற்கு முன்பே அதை முடித்துவிடுவேன். ஏன் என்று கேட்க ஆளில்லை. இந்தச் சுகம் எனக்கு வாழ்க்கையில் பிந்தித்தான் கிடைத்தது. கிடைத்ததைக் கைவிட எனக்கு மனமில்லை.

மகனுக்கு இது பொறுக்காது. ஒரே பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை காலையில், அவனுக்குச் சனி இரவு, தவறாமல் வீடியோவில் வருவான். சாப்பாடு, மருந்து, மழை எல்லாம் விசாரித்த பிறகு கடைசியில் அதே பல்லவி: "வாங்கோ அம்மா, பிளாட்டை வித்துப்போட்டு இஞ்ச வந்து எங்களோட இருங்கோ." சும்மா பார்த்துவிட்டுப் போகவாவது வாங்கோ என்று எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறான். நான் அசையவில்லை. காரணம் இருந்தது. என்னோடு படிப்பித்த ஒருத்தி மகளின் பிள்ளைப்பேற்றுக்கு என்று சும்மா போனாள். அவள் அங்கே குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்க, இங்கே அவளுடைய வீடு விலைப்பட்டுவிட்டது. இப்போது ஒரு பேஸ்மன்ட் அறையின் சின்ன ஜன்னலால் பனியைப் படம் பிடித்து 'வடிவா இருக்கு' என்று எழுதி எனக்கு அனுப்புகிறாள். அந்தப் படங்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு விசா என்ற சொல்லே பிடிக்காமல் போய்விட்டது. போனால் திரும்பி வர விடமாட்டார்கள் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

அதற்கு நடுவில் ஒரு முட்டாள்தனம் செய்துவிட்டேன். மொட்டை மாடியில் காயப்போட்ட உடுப்பை எடுக்கப் போன இடத்தில், கடல்காற்று என் வீட்டுக் கதவை அடித்துச் சாத்திவிட்டது. திறப்பு உள்ளே, போன் உள்ளே, நான் ஹவுஸ்கோட்டோடு வெளியே. ஆள் வந்து பூட்டை உடைக்கும் வரை படியில் உட்கார்ந்திருந்தேன். வழக்கமான வழியில் செய்தி மகனிடம் போய்ச் சேர, அவன் அரை மணி நேரம் அழாத குறையாகக் கத்தினான். அவன் வாயை மூடுவதற்காக, "சரி, இன்னுமொரு பிரச்சினை வந்தால் நீ சொல்றபடி விப்பம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளுக்கு 'சொன்ன சொல் மாறக்கூடாது' என்று அடித்துச் சொன்னவள். இனி மாற முடியாது.

இந்த நிலையில்தான் சிங்குக்குக் கீழே இருந்த மெயின் வால்வு கசியத் தொடங்கியது. வீட்டுக்குள் வரும் தண்ணீர் முழுவதும் அதனூடாகத்தான் வர வேண்டும். கட்டிடம் கட்டிய காலத்துப் பித்தளை வால்வு. வட்டமான பிடியை உப்புக்காற்று பாதி தின்றுவிட்டது. எவ்வளவு திருகினாலும் சுற்றிக்கொண்டே இருக்கும், தண்ணீர் மட்டும் நிற்காது. அதன் இரண்டு பக்கமும் போகும் பிளாஸ்டிக் பைப் ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும். இப்போது வெற்றிலை போடுகிறவரின் பல் நிறம். நான் ஒரு ஐஸ்கிரீம் பெட்டியைக் கீழே வைத்தேன். நிறைந்ததும் எடுத்துப் பூச்சாடிக்கு ஊற்றினேன். கட்டிடத்து வாட்ச்சருக்குச் சொல்லவில்லை, ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கெட்டித்தனம் ஒரு கிழமைகூட நிலைக்கவில்லை.

"அம்மா, சிங்குக்குக் கீழ ஏதும் லீக்கோ?" என்று மகன் கேட்டான். போனின் கமரா எங்கேயாவது திரும்பி ஐஸ்கிரீம் பெட்டியைக் காட்டிவிட்டதோ என்று பார்த்தேன்.

"ஆர் சொன்னது?"

"கீழ்வீட்டு அன்ரியின்ர குசினிச் சீலிங் ஊறிப்போய் இருக்காம். அவ கீழ சட்டி வச்சிருக்கிறாவாம். மகளைப் பார்ட்டியில கண்டனான், அவதான் சொன்னவ."

நான் மழையைப் பற்றிக் கதையை மாற்றப் பார்த்தேன்.

"அம்மா, தந்த வாக்கு ஞாபகம் இருக்குத்தானே? புரோக்கரோட கதைக்கட்டே? வாங்கிற ஆள் ஒருத்தர் ரெடியா நிக்கிறார்."

"பொறு, பொறு. இது பிரச்சினை இல்லை, சின்ன வேலை. வாற ஞாயிறு வீடியோவில வந்து பார். ஒரு சொட்டு ஒழுகினால் வித்துப்போடு."

"ஒரு சொட்டு?"

"ஒரு சொட்டு" என்றேன், என் வீட்டைப் பணயம் வைக்கிறேன் என்ற யோசனையே இல்லாமல்.

போனை வைத்த கையோடு படியிறங்கிப் போய்க் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். அங்கே இருப்பவர் ஓய்வு பெற்ற ஆஸ்பத்திரி நர்ஸ். இந்த ஊரில் நர்ஸை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவது, நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கப் பெண். என்னைப் போலவே தனி ஆள். தீபாவளிக்கு என் பலகாரம் கீழே போகும், நத்தாருக்கு அவருடைய கேக் மேலே வரும். அதற்கு மேல் எங்களுக்குள் பழக்கம் இல்லை. கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது.

"ஐயோ டீச்சர், உள்ள வாங்க. சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான்..."

"கனடாவுக்குச் சொல்லத் தெரியுது, மேல வந்து கதவைத் தட்டத் தெரியேல்லையோ?"

அவருடைய குசினிக்குள் போய்ப் பார்த்தேன். என் ஐஸ்கிரீம் பெட்டிக்கு நேர் கீழே அவருடைய அலுமினியச் சட்டி. அரிசி வாளியைச் சுவர் ஓரமாக நகர்த்தி வைத்திருந்தார். சீலிங்கில் ஒரு பெரிய ஈரவட்டம். வால்வின் முன்பக்கம் ஒழுகியதை நான் பிடித்துக்கொண்டிருக்க, பின்பக்கம் ஒழுகியது பைப்பைப் பிடித்துக்கொண்டே தளத்துக்குள் இறங்கியிருக்கிறது. நானும் அவரும் ஒரே ஒழுக்குக்கு மேலும் கீழுமாக ஏனம் வைத்து, ஆளுக்காள் தெரியாமல் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறோம்.

எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. "மரியாதைக்கும் ஒரு அளவு இருக்கு மிஸ்ஸி" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு, "மரியாதை மட்டும் இல்ல டீச்சர். மகள் ஒவ்வொரு நாளும் போன் எடுக்கிறா. பேச ஏதாச்சும் வேணுமே. சமையலையும் மழையையும் எத்தனை நாளைக்குப் பேசுறது? சீலிங் ஒழுகுதுன்னு சொன்னதும் அவ அரை மணி நேரம் வைக்காமப் பேசினா" என்றார்.

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பிறகு எனக்கும் மகனுக்கும் இடையில் இருந்த பேச்சை, வாக்கை, ஒரு சொட்டை, ஒன்றும் விடாமல் அவரிடம் கொட்டினேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப ஞாயிற்றுக்கிழமைக்குள்ள மாத்தியாகணும். இல்லாட்டி எனக்கு மேல புதுசா யாராவது வந்துடுவாங்க" என்றார். அந்த நிமிடத்திலிருந்து அது எங்கள் இருவருக்கும் பொதுவான வேலையாகிவிட்டது.

எங்கள் ஒழுங்கைக்கு வழக்கமாகப் பைப் திருத்த வரும் பாஸுக்கு, கைவேலைக்காரரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவது, போன் எடுத்தேன். "அத பே மிஸ், ஹெட்ட எனவா" என்றார் சிங்களத்தில், இன்றைக்கு முடியாது, நாளைக்கு வருகிறேன் என்று. அடுத்த நாளும் எடுத்தேன். அதே ஹெட்ட. குரலில் அவ்வளவு அன்பு இருந்தது, கோபிக்கவும் முடியவில்லை. வெள்ளிக்கிழமை அவர் போனே எடுக்கவில்லை. மிஸ்ஸிக்குத் தெரிந்த இன்னொருவர் கிருலப்பனையில் இருந்தார். அவர் திங்கட்கிழமை நிச்சயம் வருவதாகச் சொன்னார். திங்கட்கிழமை வந்து என்ன, என் வீடு போன பிறகு?

"நாங்களே மாத்துவம்" என்றேன்.

மிஸ்ஸி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "பீறிட்டு வர்ற ரத்தத்தையே நிப்பாட்டியிருக்கேன், தண்ணிதானே" என்றார். அவரை எனக்கு உண்மையாகப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

காலி வீதியில் உள்ள ஹார்ட்வெயார் கடைக்கு இருவருமாகப் போனோம். கடை முதலாளி ஒரு முஸ்லிம் மனிதர், எப்போதும் நல்ல பகிடிக்காரர். கைப்பிடியைக் கால்வாசி திருப்பினால் பூட்டும் புது மாதிரிப் பிளாஸ்டிக் வால்வு ஒன்று கேட்டேன்.

"பாஸ் யாரு டீச்சர்?"

"நான்தான் பாஸ். இவ அசிஸ்டன்ட்."

"சுத்தம்!" என்று சொல்லிவிட்டு, அவர் எங்கள் வேலையில் எங்களைவிட உற்சாகமாகிவிட்டார். வால்வு, துண்டுப் பைப், பைப்போடு பைப்பைப் பொருத்துகிற சொக்கட், ஒட்டுகிற கம், சாண்ட் பேப்பர், ஹாக்சோ வாள் என்று மேசையில் பரப்பினார். பழைய பைப்பைத் திருக வேண்டாம், வயசான பிளாஸ்டிக் படாரென்று வெடித்துவிடும், இரண்டு பக்கமும் வெட்டி எடுங்கள் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் வால்வு இரண்டு கேட்டேன். "ஒண்டு போதுமே?" என்றார். தட்டுப்பாட்டுக் காலத்தில் பழகிய பழக்கம். சவர்க்காரம் ஆனாலும் சரி, பால்மா ஆனாலும் சரி, கடையில் இருக்கிறபோதே இரண்டாக வாங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராது.

சனிக்கிழமை காலையில் கட்டிடம் முழுவதற்கும் தண்ணீரை நிறுத்த வேண்டும். மொட்டை மாடித் தண்ணீர்த் தாங்கியில் ஒரு வால்வு உண்டு. முதல்நாளே ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிச் சொல்லிவிட்டோம். விளைவு, விடியற்காலையிலிருந்து எல்லா வீட்டிலும் குழாய் ஓடும் சத்தம். வாளி, குடம், பேசின், ஒரு வீட்டில் குழந்தையின் பிளாஸ்டிக் நீச்சல் தொட்டிகூட நிறைந்ததாம். வாட்ச்சர் மேலே இருந்து, "வஹன்னத மிஸ்?" என்று மூடவா எனக் கேட்டார். "ஹரி, வஹன்ன!" என்று நான் ஜன்னலால் தலையை நீட்டிக் கத்தினேன். கப்பலை நகர்த்தச் சொல்லி உத்தரவு கொடுத்தவள் மாதிரி இருந்தது எனக்கு.

வேலை நன்றாகத்தான் தொடங்கியது. சுவரில் பைப்பைப் பிடித்திருந்த இரண்டு கிளிப்பையும் கழற்றியதும் பைப் கொஞ்சம் வளைந்து கொடுத்தது. நான் பிடிக்க, மிஸ்ஸி வாளால் அறுத்தார். நிதானமான கை. தூள் மூக்கில் ஏற ஏறத் தும்மினார், ஆனால் வாள் ஒரு பக்கமும் சாயவில்லை. பழைய வால்வு இரண்டு பக்கமும் பைப்புத் துண்டோடு கையோடு வந்தது. அதைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே பச்சை நிறமாகப் பூத்துப்போய், திருகுகிற தண்டு பாதியில் முறிந்திருந்தது. இத்தனை வருடமும் நான் திருகியதெல்லாம் வெறும் பிடியைச் சுற்றியதுதான்.

அடுத்த தொல்லை, மேல் வால்வும் முழுதாகப் பூட்டவில்லை. வெட்டிய பைப்பிலிருந்து நூலளவு தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. ஈரத்தில் கம் ஒட்டாது. துடைக்கத் துடைக்க வந்தது. மிஸ்ஸி கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாண் இருக்கா?" என்று கேட்டார். பசி வந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். அவர் பாணின் வெள்ளைப் பகுதியைப் பிய்த்து உருட்டிப் பைப்புக்குள் விரலால் அடைத்தார். தண்ணீர் நின்றது. பிறகு தண்ணீர் திறந்ததும் பாண் கரைந்து குழாயால் போய்விடுமாம். தன்னுடைய தகப்பன் கொட்டாஞ்சேனை வீட்டில் இப்படிச் செய்வாராம். இதை முன்பே சொல்லியிருந்தால் நான் துடைத்துத் துடைத்து ஒரு துவாயை நாசமாக்கியிருக்க மாட்டேன்.

அப்போதுதான் நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒன்பது ஆகக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. சனிக்கிழமை ஒன்பதுக்கு ராகு காலம் தொடங்கும்.

நான் ராகு காலம் பார்க்கிறவள் இல்லை. அப்படித்தான் எல்லோரிடமும் சொல்வேன். ஆனால் பெண் பார்க்கப் போகிறவர்கள், புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறவர்கள் யாரும் கேட்டால், எதற்கு வீண் வம்பு என்று நேரம் பார்த்துத்தான் சொல்வேன். பைப்புக்கும் நேரம் பார்ப்பதா என்று அதுவரை எனக்குத் தோன்றியதில்லை. ஆனால் அன்று இந்தப் பைப்பில் தொங்கிக்கொண்டிருந்தது என் வீடு. புது வால்வு ஒன்பதுக்கு முன் பொருந்திவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு பதற்றம் பிடித்துக்கொண்டது.

"முதல்ல கம் போடாமப் பொருத்திப் பாப்போமே டீச்சர்" என்றார் மிஸ்ஸி.

"நேரமில்லை, பூசுங்கோ, பூசுங்கோ!"

பூசினோம். வாசம் தலையைச் சுற்றியது. பைப்பை உள்ளே தள்ளி, ஒரு சின்னத் திருப்புத் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்திப் பிடித்தேன். அந்தக் கம் அப்படி, ஒருமுறை பிடித்தால் பிறகு பிரிக்க ஏலாது. மணிக்கூட்டில் ஒன்பதாக இன்னும் ஒரு நிமிடம் இருந்தது. நான் வெற்றியோடு மிஸ்ஸியைப் பார்த்தேன். பிறகு கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தேன்.

அது பாதி தூரம் போய்ச் சுவரில் 'டக்' என்று முட்டி நின்றது.

மறுபடி திருப்பினேன். டக். வால்வைச் சுவர்ப் பக்கம் பார்த்து ஒட்டிவிட்டோம். திறக்கலாம், பூட்ட முடியாது. பழைய வால்வைப் போலவே பூட்டாத ஒரு புது வால்வு என் வீட்டில் நிரந்தரமாக ஒட்டப்பட்டிருந்தது. மிஸ்ஸி இரண்டு வினாடி பார்த்தார். பிறகு குசினித் தரையில் அப்படியே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது. கணிதம் படிப்பித்தவள், தொண்ணூறு பாகை எந்தப் பக்கம் திரும்பும் என்று யோசிக்காமல் வீட்டைத் தொலைத்தேனே என்று இருந்தது. வாங்கும் ஆள் தளபாடத்தை எங்கே வைப்பார் என்றுகூட அந்த நேரத்தில் யோசித்துவிட்டேன்.

"ரெண்டாவது வால்வு இருக்கே டீச்சர்" என்றார் மிஸ்ஸி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

இருந்தது. துண்டுப் பைப்பும் சொக்கட்டும் இருந்தன. ஆனால் இப்போது ராகு காலம் தொடங்கிவிட்டது. பத்தரை வரை பொறுப்போம் என்றேன். அந்த நேரம் பார்த்து மேல் மாடியிலிருந்து ஒரு குரல் படியால் இறங்கி வந்தது. "டீச்சர்! இன்னும் எவ்வளவு நேரம்? நான் முழுக்கச் சவர்க்காரம் போட்டிட்டு நிக்கிறன்!" முந்தின நாள் தட்டிச் சொன்னபோது தலையாட்டிவிட்டு, விடிய எழும்பி வாளி பிடிக்காமல் தூங்கிய மனிதர் அவர். பத்தரை வரை அவரை அந்தக் கோலத்தில் நிற்க வைக்க முடியாது. மிஸ்ஸி தன் வீட்டிலிருந்து ஒரு வாளி தண்ணீர் கொண்டுபோய் அவர் கதவடியில் வைத்துவிட்டு ஓடி வந்தார்.

வந்ததும் கம் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு, "டீச்சர், எங்களுக்கு ராகு காலம் எல்லாம் கிடையாது. நான் ஒட்டுறேன். நீங்க சும்மா பிடிச்சுக்கங்க. பிடிக்கிறதுக்கு நேரம் பாக்கத் தேவையில்லைதானே?" என்றார்.

பிடிப்பதற்கு நேரம் எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. பிழையாக ஒட்டியதை அறுத்து எடுத்தோம். பைப் இப்போது குட்டையாகிவிட்டதால் துண்டுப் பைப்பைச் சொக்கட் வைத்துப் பொருத்தினோம். இந்த முறை கம் இல்லாமல் பொருத்தி, கைப்பிடியைத் திருப்பி, பென்சிலால் கோடு கீறி, மறுபடி திருப்பிப் பார்த்தோம். மிஸ்ஸி சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு பூசினார். நான் வாய்க்குள் பிள்ளையாரைக் கூப்பிட்டுக்கொண்டு பிடித்தேன். கை மரத்துப்போகும் வரை விடவில்லை.

பின்னேரம் வரை காய விட்டோம். வாளித் தண்ணீரில் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துக்கொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் 'இன்னும் கொஞ்சம்' என்று சொல்லிக்கொண்டு, சிங்குக்கு முன்னால் இரண்டு பேரும் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தோம். அவ்வளவு வருடம் ஒரே கட்டிடத்தில் இருந்தும் அன்றைக்குத்தான் அவருடைய கதையெல்லாம் கேட்டேன். பிறகு வாட்ச்சர் மேலே திறந்தார். பைப்புக்குள் காற்று இருமியது. குழாயைத் திறந்தால் தண்ணீரோடு பாண்துகள் வந்து விழுந்தது. மிஸ்ஸி ஒவ்வொரு பொருத்திலும் டிஷ்யூ சுற்றி, காயத்துக் கட்டைப் பார்க்கிறவர் போலக் குனிந்து பார்த்தார். டிஷ்யூ நனையவில்லை. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தோம், நனையவில்லை. அன்று மாலை காலி வீதி வடையை எண்ணிக்கை இல்லாமல் சாப்பிட்டோம்.

ஞாயிறு காலை மகன் வீடியோவில் வந்தான். நான் அதற்கே காத்து நின்றவள் மாதிரிப் போனைத் தூக்கிக்கொண்டு நேரே குசினிக்குப் போய்ச் சிங்குக்குக் கீழே குனிந்தேன்.

"கிட்டக் காட்டுங்கோ அம்மா. பின்பக்கம். டிஷ்யூவால துடையுங்கோ."

துடைத்துக் காட்டினேன். வால்வைப் பூட்டிக் குழாயைத் திறந்து காட்டினேன், ஒரு சொட்டு இல்லை. வால்வைத் திறந்து காட்டினேன், தண்ணீர் கொட்டியது. ராகு காலம், பாண், சவர்க்கார மனிதர் எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். அவன் சிரிப்பான் என்று பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை.

"என்னடா, இனி விக்கிற கதை இல்லைத்தானே?"

"இல்லை அம்மா. வென்றிட்டீங்கள்." பிறகு, "அப்ப நீங்கள் வரமாட்டீங்கள், என்ன?" என்றான்.

நான் என்னவோ பகிடியாகச் சொல்ல வாயெடுத்தேன். அவன் விடவில்லை.

"ஒழுகுது எண்டு அன்ரியின்ர மகள் சொன்னவுடன எனக்குப் பயம் வரேல்லை அம்மா. சந்தோஷமா இருந்தது. இனி அம்மா வந்திருவா எண்டு நினைச்சன். கார் ஓட்டிக்கொண்டு வரேக்க எந்த அறையை உங்களுக்குத் தாறது எண்டுகூட யோசிச்சுக்கொண்டு வந்தனான்."

நான் சிங்குக்குக் கீழே தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் பிழைகளை எண்ணிக்கொண்டு, வீட்டைப் பறிக்கக் காத்திருக்கும் ஒரு மேற்பார்வையாளனோடு மல்லுக்கட்டுவதாகத்தான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். போனில் பார்த்தால் தலை நரைக்கத் தொடங்கிய, தாயைத் தேடுகிற ஒரு பிள்ளை. அவனை எவ்வளவு தேடியிருக்கிறேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"வீட்டை விக்கிறேல்லை" என்றேன்.

"ஓம் அம்மா. சொன்னனான்தானே."

"ஆனா இப்ப தண்ணியைப் பூட்டலாம். தண்ணியைப் பூட்டி, காஸைப் பூட்டி, திறப்பைக் கீழ மிஸ்ஸியிட்டக் குடுத்திட்டு வெளிக்கிடலாம்."

அவன் போனுக்கு மிகக் கிட்ட வந்தான். திரை முழுவதும் அவனுடைய கண்.

"வந்தால் திரும்பி வர விடுவியோடா?"

"விடுவன் அம்மா." குரல் உடைந்திருந்தது. "டிக்கெற் போடட்டே?"

"போடு" என்றேன். "போக வர ரெண்டுக்கும் சேர்த்துப் போடு."